ஈரானின் ஆகாய விமானங்களும் பொருளாதாரத் தடையும்

பகைவனை நேரே பொருது வெல்வது ஒரு முறை. அவனுக்கு வேண்டிய பொருள்கள் சென்று சேராதவாறு வழியை அடைத்து, குறைவினால் வருத்திப் பணியச் செய்வது மற்றொரு முறை. மதிலை வளைத்துப் பொருதலை உழிஞை என்றும், மதிலகத்தே நின்று காத்தலை நொச்சி என்றும் பழந்தமிழர் பெயரிட்டு இலக்கணம் வகுத்தமையே இம்முறையின் தொன்மைக்குச் சான்றாகும். பிற்காலத்தில் மதில்கள் மறைந்தன, முற்றுகை மறையவில்லை. 1806ஆம் ஆண்டிலே நெப்போலியன் பேர்லின் நகரிலிருந்து பிறப்பித்த கட்டளை பிரித்தானியப் பொருள்களுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைக்க முயன்றது. 1935இல் இத்தாலி அபிசீனியாமீது படையெடுத்தபோது சர்வதேச சங்கம் அந்நாட்டின்மேற் பொருளாதாரத் தடை விதித்தது. ஆயின் போருக்கு இன்றியமையாத எண்ணெயைத் தடைப்பட்டியலிற் சேர்க்காது விட்டமையால் அத்தடை வலியிழந்து போயிற்று. 1966 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை ரொடீசியாமீது கட்டாயத் தடை விதித்தது. அத்தடை நிலவிய காலத்திலேயே, 1973இல், ரொடீசிய விமானக் கம்பனி மூன்று போயிங் 720 விமானங்களை மறைமுக வழியாகப் பெற்றுக்கொண்டது. தடையை மீறி ஆகாய விமானம் வாங்கும் வழக்கமும் இவ்வாறு பழையதே.

அரிசியையுஞ் சீனியையுந் தடுத்தால் அதன் விளைவை மக்கள் சில கிழமைகளில் உணர்ந்துவிடுவர். விமான உதிரிப்பாகங்களைத் தடுத்தாலோ விளைவு எளிதிற் புலப்படாது. விமானங்கள் மறுநாளும் பறக்கும். மறு ஆண்டும் பறக்கும். இருபது ஆண்டுகள் கழிந்தபின் ஒரு விமானம் மலையில் மோதி வீழ்ந்தால், அதற்குத் தடை காரணமா, விமானியின் தவறு காரணமா, மூடுபனி காரணமா என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. இவ்வரிய வினாவை ஆராய்வதற்கு ஈரானைப் போன்று நீண்டதும் தெளிவானதுமான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பதில்லை.

ஈரானின் கதைக்குட் செல்லுமுன் விமானப் பராமரிப்பின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பெரிய பயணிகள் விமானம் பல இலட்சம் உறுப்புக்களால் ஆயது. அவற்றுட் சில பழுதுறும்வரை பயன்படுபவை. வேறு சில, பழுதேதும் காணப்படாவிடினும், குறித்த கணக்கு நிறைவேறியவுடன் கழற்றி அகற்றப்பட வேண்டியவை. எஞ்சினுள்ளே நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் உலோகத் தட்டுக்கள் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை. விமானம் ஒருமுறை மேலெழுந்து ஒருமுறை இறங்குவதை ஒரு சுற்று எனக் கணக்கிடுவர். இன்ன தட்டு இத்தனை சுற்றுக்குமேற் பயன்படலாகாது என அதனைச் செய்தவரே வரையறுக்கின்றனர். மீண்டும் மீண்டும் விசைக்கு உட்படும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்களைத் தன்னுள்ளே வளர்த்துக்கொள்ளும்; இதனை உலோகக் களைப்பு என்பர். ஆகவே முதன்மையான ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பிறப்புப் பத்திரம் உண்டு. எங்கே செய்யப்பட்டது, எந்த விமானத்தில் எத்தனை சுற்று உழைத்தது, யார் கழற்றினார், யார் பூட்டினார் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பத்திரமில்லாத உறுப்புப் பார்வைக்குப் புத்தம் புதியதாயினும் நம்பத்தக்கதன்று.

இதனை வெறுங் காகிதச் சடங்கு எனக் கருதுவார்க்கு 1989ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆந் திகதி நிகழ்ந்ததை நினைவூட்டலாம். அன்று நோர்வே நாட்டுக் கம்பனியொன்றின் கொன்வேயர் 580 விமானம் டென்மார்க் நாட்டுக் கரைக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். வாற்பகுதிச் செட்டையை உடலோடு பிணைத்த ஆணிகளும் உறைகளும் போலியானவை என்பது விசாரணையில் வெளியாயிற்று. நோர்வேக்கு எவரும் தடை விதித்திருக்கவில்லை. திறந்த சந்தையிலேயே போலி நுழையக்கூடுமாயின், மறைமுகச் சந்தை ஒன்றே கதியெனக் கிடக்கும் நாட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டிலே உக்கிரைன் போரையொட்டி உருசியாவுக்கு விமான உறுப்புக்கள் தடுக்கப்பட்டபோது, அந்நாட்டுக் கம்பனிகள் குத்தகைக்கு எடுத்திருந்த நூற்றுக்கணக்கான விமானங்களைப் பதிவுசெய்திருந்த பெர்மியூடாத் தீவின் அதிகாரிகள் மார்ச் மாதத்தில் அவற்றின் பறக்குந் தகுதிப் பத்திரங்களை இடைநிறுத்தினர். அன்று அவ்விமானங்களில் எந்த உறுப்பும் உடைந்திருக்கவில்லை. அவை நல்ல நிலையில் உள்ளன என்று உறுதி கூறுதற்கு இனி வழியில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம்.

உதிரிப்பாகம் இன்றி ஓட்டும் வித்தையை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களிற் குடாநாடு பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்த காலத்தில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் சிறிது பெற்றோல் காட்டி உயிர்ப்பிக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனைப் பாராட்டாதார் இல்லை. ஆயினும் அக்கார்களில் ஒன்று வழியிற் பழுதுற்றால் தெருவோரத்தில் நின்றுவிடும். ஏறியிருந்தோர் இறங்கி நடப்பர். முப்பதினாயிரம் அடி உயரத்திலே செல்லும் ஊர்திக்கு அத்தகைய தெருவோரம் இல்லை. கைத்திறன் எவ்வளவு சிறந்ததாயினும் அது மட்டுமே போதாத தொழில் இதுவாகும்.

இனி ஈரானை நோக்குவோம். அந்நாட்டின் தேசிய விமானக் கம்பனியாகிய ஈரான் எயார் 1960களின் தொடக்கத்தில் இரண்டு தனியார் கம்பனிகள் இணைந்தமையால் உருவாயிற்று. எண்ணெய் வருவாய் பெருகிய 1970களில் அதன் வளர்ச்சி விரைவாயிருந்தது. போயிங் 707, 727, 737, 747 என அமெரிக்க விமானங்கள் அடுத்தடுத்து வாங்கப்பட்டன. தெஹ்ரானிலிருந்து நியூயோர்க் நகருக்கு இடையில் நிற்காது பறக்கும் பொருட்டு 747 எஸ்பி என்னும் குறுகிய உடலும் நெடிய பறப்பெல்லையும் வாய்ந்த வகையும் வாங்கப்பட்டது. ஒலியினும் விரைந்து செல்லும் கொன்கோட் விமானங்களுக்குங்கூட அக்கம்பனி கட்டளை கொடுத்திருந்தது. விமானிகளும் பொறியியலாளரும் அமெரிக்காவிற் பயின்றனர், கைந்நூல்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன, உதிரிப்பாகங்களும் அவ்வாறே. ஒரே நாட்டை நம்பியிருத்தலின் தீங்கு அன்று எவர்க்குந் தோன்றவில்லை. மன்னர் ஷாவின் ஆட்சியும் அமெரிக்க நட்பும் நிலையானவை எனவே கருதப்பட்டன.

1979 பெப்ரவரியிற் புரட்சி வென்றது. நவம்பர் 4ஆந் திகதி தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. பத்து நாட்களுள் ஜனாதிபதி காட்டர் ஈரானிய அரசின் சொத்துக்களை முடக்கினார்; 1980 ஏப்ரிலில் வணிகத்தையும் இராசதந்திர உறவையும் முறித்தார். தூதரகத்தார் விடுதலை பெற்ற பின்னர் அத்தடைகளிற் பல நீக்கப்பட்டனவாயினும், 1984 சனவரியில் ஈரான் பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடெனப் பட்டியலிடப்பட்டமையால் விமானங்களுக்கும் அவற்றின் உறுப்புக்களுக்கும் ஏற்றுமதி அனுமதி பெறுதல் மிகக் கடினமாயிற்று. 1995 மே மாதத்தில் ஜனாதிபதி கிளின்ரன் பிறப்பித்த கட்டளை ஏறத்தாழ எல்லா வணிகத்தையும் தடுத்தது.

அமெரிக்கா தராவிடின் ஐரோப்பாவிடம் வாங்கலாமே என்று கேட்கலாம். ஈரானியரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் அமெரிக்கச் சட்டம் கடல் கடந்துஞ் செல்லும் இயல்புடையது. பிறநாடொன்றிற் செய்யப்பட்ட பொருளாயினும், அதன் பெறுமதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட பங்கு கட்டுப்பாட்டுக்குட்பட்ட அமெரிக்க உறுப்புக்களாயின், அதனை ஈரானுக்கு விற்றற்கு அமெரிக்க அனுமதி வேண்டும். ஐரோப்பியர் பெருமிதத்தோடு செய்த எயார்பஸ் ஏ300 விமானத்தை இயக்கிய எஞ்சின் அமெரிக்க ஜெனரல் எலெக்றிக் கம்பனியுடையது. இன்றும் மேற்கு நாடுகளிற் செய்யப்படும் பெரிய பயணிகள் விமானங்களுள் இவ்வெல்லைக்குட் படாதது இல்லை எனலாம். அமெரிக்காவுக்கு எதிரான கடை என்று ஈரான் தேடிச் சென்ற கடையிலும் பெரும்பகுதிச் சரக்கு அமெரிக்கச் சரக்காகவே இருந்தது.

(1988 யூலை 3ஆந் திகதி அமெரிக்கப் போர்க்கப்பலொன்று பாரசீக வளைகுடாவின் மேல் ஈரான் எயாரின் ஏ300 விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேரைக் கொன்றமை உலகறிந்த செய்தி. அது தடையின் விளைவன்று. ஆகவே ஈண்டு ஆராயப்படவில்லை. எனினும் அமெரிக்கரின் சொற்களை ஈரானியர் ஐயத்தோடு கேட்பதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது.)

மேற்கு அடைபட்டமையால் ஈரான் வடக்கே திரும்பியது. சோவியத்து ஒன்றியம் சிதைவுற்ற காலம் அது. துப்போலெவ் 154, இலியூசின் 76, அன்டனோவ், யாக்கோவ்லெவ் வகைகள் குறைந்த விலைக்கும் வாடகைக்கும் கிடைத்தன. சிலவேளைகளில் விமானிகளோடுங் கிடைத்தன. புதிய கம்பனிகள் பல தோன்றின. தடையின் முதன்மையான தீங்கு இவ்விடத்திலேயே தொடங்குகின்றது எனக் கொள்வது பொருந்தும். துப்போலெவ் தன்னளவிற் கெட்ட விமானம் அன்று. தனக்குரிய நாட்டிலே, பழகிய பொறியியலாளரின் கையில், பல ஆண்டுகள் நன்கு உழைத்ததே. ஆனால் போயிங் விமானத்துக்குப் பயின்ற ஒரு நாட்டிலே, வேறொரு மொழியிலே எழுதப்பட்ட கைந்நூல்களோடு, வேறொரு மரபிலே அமைந்த கருவிகளோடு, பலர் கைமாறி வந்த அவ்விமானங்கள் புகுந்தபோது, பயிற்சியும் பட்டறையும் பண்டசாலையும் இரண்டு மூன்றாகப் பிளவுற்றன.

அடுத்து வந்த ஆண்டுகளின் கணக்கு துயரமானது. 2003 பெப்ரவரி 19ஆந் திகதி புரட்சிக் காவற்படையினரை ஏற்றிச் சென்ற இலியூசின் 76 கெர்மான் நகருக்கு அண்மையில் மலையில் மோதி 275 பேர் மாண்டனர். 2005 டிசெம்பர் 6ஆந் திகதி பத்திரிகையாளர் பலரை ஏற்றிச் சென்ற விமானப் படையின் சி-130, எஞ்சின் பழுதுற்று மெஹ்ராபாத் நிலையத்துக்குத் திரும்புகையிற் குடியிருப்பு மாடியொன்றில் மோதியது. அது புரட்சிக்கு முன் அமெரிக்காவிடம் வாங்கப்பட்ட வகை. 2009 யூலை 15ஆந் திகதி தெஹ்ரானிலிருந்து ஆர்மீனியாவின் யெரெவான் நகருக்குப் புறப்பட்ட கஸ்பியன் கம்பனியின் துப்போலெவ் 154 கஸ்வின் அருகே வயலில் வீழ்ந்தது. 168 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. முதலாம் எஞ்சினிற் சுழலுந் தட்டொன்று களைப்பினால் உடைந்து, சிதறிய துண்டுகள் அயலிலிருந்த இணைப்புக்களை அறுத்தன என்று கண்டறியப்பட்டது. மேலே கூறிய தட்டுக்களின் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வயல் காட்டிற்று. 2011 பெப்ரவரியில் ஈரானிய அரசு துப்போலெவ் 154 வகையைச் சேவையிலிருந்து நீக்கியது.

அவ்விடத்தை நிரப்பியவை எவை? முப்பது ஆண்டு பழைமையான போயிங் விமானங்களும், பல கைமாறி வந்த ஐரோப்பிய விமானங்களுமே. 2011 சனவரி 9ஆந் திகதி மாலை பனிபொழியும் வேளையில் ஊர்மியா நகரை அணுகிய ஈரான் எயாரின் போயிங் 727 வீழ்ந்து, 105 பேரிற் பெரும்பாலோர் மாண்டனர். பனிக்கட்டி படிந்தமையும் எஞ்சின்கள் அணைந்தமையும் விமானிகள் கைந்நூல் முறையைப் பின்பற்றாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆனால் துணைக் காரணங்களுள் இரண்டு கூர்ந்து நோக்கத்தக்கவை: விமானத்தின் அமைப்புக்கள் பழைய காலத் தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவை என்பது ஒன்று, இத்தகைய வானிலையைப் பயிலுதற்கு ஏற்ற பயிற்சிக் கருவி இல்லாமை மற்றொன்று. நவீன விமானிகள் ஆபத்துக்களைத் தரையிலுள்ள போலி விமான அறையிலே பலமுறை அனுபவித்துப் பயில்கின்றனர். அவ்வறையும் அதற்குரிய கணிப்பொறி நிரல்களும் வணிகப் பொருள்களே. ஆகவே அவையுந் தடைக்குட்பட்டவை. விமானி தவறினான் என்று அறிக்கை முடியுமிடத்தில், அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்கு எங்கே மறுக்கப்பட்டது என்ற வினா எழுகின்றது.

அதே ஆண்டு ஒக்ரோபர் 18ஆந் திகதி வேறொரு வகைச் செய்தி வந்தது. மொஸ்கோவிலிருந்து தெஹ்ரானுக்கு 113 பேரோடு வந்த ஈரான் எயாரின் மற்றொரு 727 விமானத்தின் முன் சக்கரம் வெளிவரவில்லை. தலைமை விமானி ஹூஷாங் ஷாபாசி, மெஹ்ராபாத் ஓடுபாதையிலே பின் சக்கரங்களால் மெல்ல இறக்கி, மூக்கு இயன்றவரை பிந்தித் தரையைத் தொடுமாறு செய்தார். ஒருவருக்கும் உயிராபத்து நேரவில்லை. நாடெங்கும் புகழ்பெற்ற அவர் அப்புகழைப் பயன்படுத்திய விதம் குறிப்பிடத்தக்கது. பயணிகள் விமானங்களின் உதிரிப்பாகங்கள்மீதுள்ள தடையை நீக்குமாறு கோரிக் கையொப்பந் திரட்டும் பணியில் இறங்கினார். அரசுகளின் பிணக்கிலே அவர் தலையிடவில்லை. விமானத்தில் ஏறும் மனிதனைப் பற்றியே பேசினார்.

அமெரிக்கத் தரப்பின் விடையையும் கேட்டல் நீதி. ஈரான்மீதான அவர்களது விதிகளுள்ளேயே, பயணிகள் விமானப் பாதுகாப்பை உறுதிசெய்யும் பொருட்டுத் தனித்தனி விண்ணப்பங்களை ஆராய்ந்து அனுமதி வழங்கலாம் என்றொரு பிரிவு உண்டு. அது வெறும் எழுத்தாகவே கிடந்ததுமில்லை. 2006இல் ஈரான் எயாரின் எயார்பஸ் எஞ்சின்கள் சிலவற்றை ஐரோப்பாவிற் பழுதுபார்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் அவ்வழியின் ஒடுக்கத்தையும் அளந்து பார்க்க வேண்டும். விண்ணப்பம் பல திணைக்களங்களைக் கடக்க வேண்டும்; அரசியல் வானிலை மாறினால் அது கிடப்பிலே கிடக்கும்; அனுமதி கிடைப்பினும் பணத்தை அனுப்புதற்கு வங்கி கிடையாது; வங்கி கிடைப்பினும் தண்டனைக்கு அஞ்சிக் கம்பனி பின்வாங்கும். விமானமோ பரிசோதனைத் திகதிக்குக் காத்திருப்பதில்லை. 1944ஆம் ஆண்டுச் சிக்காக்கோ உடன்படிக்கையின் வழி அமைந்த சர்வதேச சிவில் விமானச் சேவை நிறுவனத்தின் சார்பிற் சென்ற குழுவினர் 2005இல் அளித்த அறிக்கையும், தடை ஈரானியப் பயணிகளின் பாதுகாப்பைப் பாதிக்கின்றது எனவே சுட்டியது.

நேர்வழி ஒடுங்கியபோது குறுக்குவழிகள் பெருகின. நின்றுபோன விமானத்தின் உறுப்புக்களைக் கழற்றிப் பறக்கும் விமானத்துக்குப் பூட்டுவது ஒன்று. மூன்றாம் நாட்டுத் தரகர் கையால் மும்மடங்கு விலைக்கு வாங்குவது மற்றொன்று. சிலவேளை முழு விமானங்களே அவ்வாறு வந்தன: 2015 மே மாதத்தில் மஹான் என்னும் ஈரானியக் கம்பனி ஈராக்கியக் கம்பனியொன்றின் பெயரால் ஒன்பது பழைய எயார்பஸ் விமானங்களைப் பெற்றுக்கொண்டது. அமெரிக்கத் திறைசேரி அக்கம்பனியை 2011இலேயே, புரட்சிக் காவற்படைக்கு உதவுகின்றது என்று குற்றஞ்சாட்டித் தன் பட்டியலிற் சேர்த்திருந்தது. பயணிக்கு என்று பெற்ற உறுப்புப் படைக்குச் செல்லாது என்பதற்கு யார் பிணை என்று அமெரிக்கர் கேட்பதிலும் பொருள் இல்லாமல் இல்லை. ஈரானில் இராணுவ விமானச் சேவைக்கும் சிவில் விமானச் சேவைக்கும் இடையிலுள்ள வேலி மிகத் தாழ்ந்தது.

எரிபொருளுந் தப்பவில்லை. 2010இல் அமெரிக்கா புதிய சட்டமொன்றை இயற்றியதும், ஐரோப்பிய நிலையங்கள் பலவற்றில் எண்ணெய்க் கம்பனிகள் ஈரானிய விமானங்களுக்கு எரிபொருள் விற்க மறுத்தன. திரும்பும் வழியில் பெல்கிரேட் போன்ற நகரங்களில் இறங்கி நிரப்பிச் செல்ல நேர்ந்தது. ஒரு பயணத்தில் ஒருமுறை இறங்க வேண்டிய பழைய விமானம் இருமுறை இறங்கி இருமுறை எழுந்தது. சுற்றுக் கணக்கை நினைவிற் கொள்வார்க்கு இதன் பொருள் விளங்கும்.

எல்லாக் குறையையுந் தடையின் தலையிற் சுமத்துதல் வரலாற்று நெறியாகாது. தற்சார்பை வேண்டி ஈரான், உக்கிரைனிய அன்டனோவ் 140 வடிவத்தைக் கொண்டு இஸ்பஹானில் ஈரான்-140 என்னும் விமானத்தைக் கட்டியது. 2014 ஓகஸ்ட் 10ஆந் திகதி அவ்வகை விமானமொன்று மெஹ்ராபாத்திலிருந்து தபஸ் நகருக்கு எழுந்த சிறு நேரத்தில் ஓர் எஞ்சின் நின்று வீழ்ந்தது. அளவுக்கு மிஞ்சிய பாரமும், அது பற்றித் தெளிவில்லாத கைந்நூலும் விசாரணையில் வெளிவந்தன. தடை வேண்டுமாயின் தற்சார்பைத் தூண்டியிருக்கலாம். பாரத்தை ஏற்றியது தடையன்று. 2018 பெப்ரவரி 18ஆந் திகதி யாசூஜ் நகருக்குச் சென்ற ஆசெமான் கம்பனியின் ஏ.ரி.ஆர் 72 விமானம் சக்றோஸ் மலைத்தொடரிலுள்ள தெனா மலையில் மோதி, அதிலிருந்த 66 பேரும் மாண்டனர். கெட்ட வானிலையில் வரையறுத்த உயரத்துக்குக் கீழே இறங்கியமை விமானிகளின் பிழை. எனினும் அவ்விமானம் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் உறுப்பின்றி நிலத்திலே கிடந்து, சில மாதங்களுக்கு முன்னரே மீண்டும் பறக்க விடப்பட்டது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளில் ஒன்றைக் கொண்டு மற்றதை மறைப்பவர், தெஹ்ரானில் இருப்பினும் வாசிங்டனில் இருப்பினும், ஆராய்ச்சியாளர் ஆகார்.

இடையே ஒரு கதவு திறந்தது. 2013 நவம்பரில் ஜெனீவாவில் ஏற்பட்ட இடைக்கால உடன்பாட்டில் விமானப் பாதுகாப்புக்குரிய உறுப்புக்கள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் விற்ற 18 எஞ்சின்களைப் பழுதுபார்க்க 2014இல் ஜெனரல் எலெக்றிக் அனுமதி பெற்றது. அதே ஆண்டு போயிங் கம்பனி 1979க்குப் பின் முதன்முறையாக ஈரானுக்கு விற்பனை செய்தது. விற்றவை கைந்நூல்கள், வரைபடங்கள், தரவுகள். பெற்ற பணம் ஏறக்குறைய 120,000 டொலர். பெரிய கம்பனிக்கு அது செல்லாக்காசு. மெஹ்ராபாத்துப் பொறியியலாளர்க்கோ, முப்பத்தைந்து ஆண்டுத் திருத்தங்களை உரிய இடத்திலிருந்து பெறும் முதல் வாய்ப்பு. அவர்களது திறமைக்குக் குறைவில்லை. உலகில் ஏனையோர் கைவிட்ட 747 எஸ்பி விமானத்தை அவர்கள் 2016 வரை பயணிகள் சேவையில் வைத்திருந்தனர்.

2015 யூலையில் அணுசக்தி உடன்பாடு நிறைவேறியது. 2016 டிசெம்பரில் எயார்பஸ் 100, போயிங் 80 என ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன; அடுத்த ஆண்டு ஏ.ரி.ஆர் 20. எயார்பஸ் மூன்று வந்தன. போயிங் ஒன்றும் வரவில்லை. 2018 மே 8ஆந் திகதி ஜனாதிபதி டிரம்ப் உடன்பாட்டிலிருந்து விலகினார். தடை மீண்டும் அமுலாகுமுன், ஓகஸ்ட் 5ஆந் திகதி, ஐந்து ஏ.ரி.ஆர் விமானங்கள் அவசர அவசரமாக மெஹ்ராபாத்தில் வந்திறங்கின. அவற்றோடு பதின்மூன்று ஆயின. எஞ்சிய ஏழு வரவேயில்லை. வந்தவற்றின் உதிரிப்பாகங்களும் அதன்பின் பழையபடி தடைக்குட்பட்டன.

அக்குளிர்காலத்தில் மூன்று வேறு விமானங்கள் ஈரான் மண்ணில் மூன்று வேறு முடிவை அடைந்தன. 2019 சனவரி 13ஆந் திகதி ஆசெமான் கம்பனியின் போயிங் 727 சாகிதானிலிருந்து தெஹ்ரானுக்கு வந்து தன் இறுதிப் பயணத்தை முடித்தது. உலகிலே அவ்வகை விமானம் பயணிகளோடு ஒழுங்குச் சேவையில் பறந்த கடைசி நாள் அதுவே. மறுநாட் காலை கிர்கிஸ்தானிலிருந்து இறைச்சி ஏற்றி வந்த போயிங் 707, பயாம் நிலையமென்று எண்ணி அயலிலிருந்த பத் நிலையத்தின் குறுகிய ஓடுபாதையில் இறங்கி மதிலை உடைத்துச் சென்று எரிந்தது. பதினாறு பேரில் ஒருவரே பிழைத்தார். மூன்றாவது விமானம் ஈரானியருடையதன்று. துபாயிலிருந்து ஒஸ்லோவுக்குச் சென்ற நோர்வே நாட்டுக் கம்பனியொன்றின் புத்தம் புதிய போயிங் 737 மக்ஸ், எஞ்சினிற் கோளாறு கண்டு 2018 டிசெம்பர் 14ஆந் திகதி ஷிராஸ் நகரில் இறங்கியிருந்தது. பயணிகள் மறுநாள் வேறு விமானத்திற் சென்றனர். பழுது தீர்க்க வேண்டிய அமெரிக்க உறுப்பை ஈரானுக்குள் கொண்டுவருதல் எளிதாய் இருக்கவில்லை. கவிஞர் ஹாபிசும் சாஅதியும் துயிலும் அந்நகரத்து நிலையத்தின் ஓரத்திலே, பழுது சிறிதும் வயது சிறிதுமான அவ்விமானம் எழுபது நாட்கள் நின்றது. பெப்ரவரி 22ஆந் திகதியே அது மேலெழுந்து வடக்கு நோக்கிச் சென்றது.